‘தி கேட்சர் இன் த ரை’ இளையோருக்கெண்டு வந்த நாவல் இல்லை

அண்ணை, ‘நான் ஆர் எண்டு தேடுற இளையோர் கதையளை 1951இல ‘தி கேட்சர் இன் த ரை’ தொடக்கினது, எல்லாம் பெரியாக்கள் எழுதிக் குடுத்தது’ எண்டு மேல போட்டிருக்கிறியள். ரெண்டும் பிழை. சாலிஞ்சர் அதைப் பெரியாக்களுக்குத்தான் எழுதினவர். பொடியள் பிறகு தங்கடையாக்கினவை. 1967இல வந்த ‘தி அவுட்சைடர்ஸ்’ எண்ட இளையோர் நாவலை எஸ்.இ. ஹின்டன் பள்ளிக்கூடத்தில படிக்கேக்கையே எழுதினவ.

இப்பிடிக் கதையள் ‘எங்கட பிள்ளையளுக்கு ஒட்டாது’ எண்டு நீங்கள் சொன்னதும் சரியில்லை. கிளிநொச்சியில ஒரு பதினாறு வயசுப் பிள்ளையிட்ட சொந்த ஊரைக் கேட்டுப் பாருங்கோ: பிறந்தது செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம், அம்மான்ர ஊர் முல்லைத்தீவு, அப்பப்பா யாழ்ப்பாணம். எதைச் சொல்றது எண்டு முழிக்கும். (பெரியாக்களும் முழிக்கிறம்தான்.)

அந்த 1951 வரியை மட்டும் மாத்திவிடுங்கோ, பிள்ளையள் ஒப்படைக்குப் பாத்தெழுதப் போகுதுகள்.