சுமைதாங்கி கல்லு எங்க மக்கா?

எங்க ஊரு முக்குல ஒரு சுமைதாங்கி நின்னுச்சு. ரெண்டு கல்லு நட்டு மேல ஒரு கல்லு படுக்கப் போட்டது, அவ்வளவுதான். வயித்துல புள்ளையோட செத்துப்போன பொண்ணுக்காக வச்சதுன்னு பாட்டா சொல்லுவாரு, எறக்கி வைக்காம போன சுமைக்குப் பதிலா வழியில போற எல்லாரும் சுமைய எறக்கட்டும்னு. ரோடு அகலப்படுத்த ஜேசிபி வந்தப்போ மேல்கல்லு ரெண்டா போச்சு, ஒரு துண்டு ஓடைக்குப் பாலமா கெடக்கு. அதுல கொல்லம் ஆண்டு, அதான் மலையாள வருஷக் கணக்கு, போட்டு ஏதோ எழுதியிருந்துச்சு. ஆயிரம் தடவ அந்த வழியா போயிருப்பேன், ஒரு போட்டோ எடுக்கல, அத நெனச்சா இப்பவும் எளவு மனசு ஆறல.

ஆனா நம்ம ஜனத்துக்கு பழசோட அருமை தெரியாதுன்னு யாராச்சும் சொன்னா எரிச்சல்தான் வருது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து சிதறால் மலைய பாருங்க, 9ஆம் நூற்றாண்டு வாக்குல சமணர் இருந்த இடம், பாறையில சமண குருமாரான தீர்த்தங்கரர் வரிசையா இருக்காங்க. பின்னால அது பகவதி கோயில் ஆச்சு. சமணம் போயி இத்தன நூறு வருஷம் அத விளக்கு வச்சு கும்பிட்ட ஜனம்தானே காத்துச்சு, அப்ப தொல்லியல் துறை எங்க இருந்துச்சு? நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்லயும் பார்சுவநாதர்ங்கிற தீர்த்தங்கரர் இருக்காரு, யாருன்னு தெரியாமலே தலைமுறையா கும்பிட்டு வாறோம்.

பின்ன ஏன் கல்லு கெடச்சா மறைக்கிறாங்க? பயம்தான். 1878ல வெள்ளக்காரன் போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு, பத்து ரூவாய்க்கு மேல மதிப்புள்ளது மண்ணுல கெடச்சா கலெக்டருக்கு சொல்லணும். மத்திய அரசு பாதுகாக்குற சின்னம்னா சுத்தி 100 மீட்டருக்கு கட்டடம் கூடாது, அதுக்கு வெளிய இன்னும் 200 மீட்டருக்கு பெர்மிஷன் வேணும். மூணு சென்ட்ல வீடு கட்ட லோன் போட்டவன்கிட்ட போயி உங்க கெணத்துல எழுத்துள்ள கல்லு உண்டான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவான், நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஒரு கல்லு கெடச்ச ஒடனே நெலம் போயிராதுன்னு வீட்டுத் திண்ணையில உக்காந்து சொல்ல ஆள் இல்ல, "தொடாதே"ன்னு போர்டு மட்டும் இருக்கு.

இத்தனைக்கும் விஷயம் ஊருக்காரன்கிட்டதான் கெடக்கு. 1956 நவம்பர் 1க்கு முந்தி நாம திருவிதாங்கூர்-கொச்சி, அதுக்கும் முந்தி திருவிதாங்கூர், பழைய நெலப் பத்திரம் எத்தனையோ மலையாளத்துல கொல்லம் ஆண்டு போட்டுதான் வீட்டுப் பெட்டியில இருக்கு. இங்கிலீஷ் வருஷம் வேணும்னா அதோட 824, இல்ல மாசத்தப் பொறுத்து 825 கூட்டணும்னு எம்பது வயசு பாட்டாக்கு தெரியும், எம்.ஏ படிச்ச நம்ம பயலுக்கு தெரியாது. தேரூர் கவிமணியும் வாத்தியார்தான், ஆபீசர் இல்ல, கல்வெட்ட வச்சுத்தான் காந்தளூர்ச் சாலைங்கிற பழைய கல்விச்சாலை பத்தி எழுதினாரு. பார்த்திவபுரத்துல 866ல கோயிலோட 95 மாணவருக்கு அந்த மாதிரி ஒரு கல்விச்சாலையும் வச்சாங்கன்னு செப்பேடு சொல்லுது, அந்த வழியா டியூஷனுக்கு போற புள்ளைக்கு யாராச்சும் சொல்லியிருக்கோமா?

என்னக் கேட்டா கிராம சபையில ஒரு நோட்டு போடணும். எந்த முக்குல என்ன கல்லு, பெருசுங்க அதப் பத்தி என்ன சொல்லுறாங்க, ஒரு போட்டோ. ரோடு வேலைக்கு எஸ்டிமேட் போடுறதுக்கு முந்தி அந்த நோட்ட பாத்தே ஆகணும்னு தீர்மானம் போட்டாப் போதும், இதுக்கு தனியா கோடிக்கணக்குல திட்டம் ஒண்ணும் வேண்டாம்.

மழை விட்டு ஓடையில தண்ணி வத்தினதும் அந்தத் துண்ட பொரட்டிப் பாக்கணும். நாலு ஆளு வேணும், பழைய மலையாளம் வாசிக்கத் தெரிஞ்ச ஒரு பெரியவரும் வேணும். அவர வீட்டுல வந்து நானே பைக்குல கூட்டிட்டுப் போறேன்.