விடுதிக் காப்பாளர் போட்ட கையெழுத்து

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க வளரிளம் பெண்களுக்குப் போடும் எச்பிவி தடுப்பூசி பற்றிப் பேச்சு வந்தாலே, "நம் ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் படித்தவர்கள். இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கம்மத்தில் இந்தத் தடுப்பூசித் திட்டம் சறுக்கியதற்குக் காரணம் ஜனங்கள் அல்லர்.

2009-இல், அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடப்பட்டது. ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளோடு சேர்ந்து நடத்திய திட்டம் அது. கம்மத்தில் மட்டும் சுமார் 14,000 பேர். பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோர் எங்கோ மலைக் கிராமத்தில். அவர்களைத் தேடிப் போய் ஒப்புதல் வாங்குவது அலைச்சல் அல்லவா? காப்பாளரும் தலைமையாசிரியருமே கையெழுத்துப் போட்டார்கள். பின்னாளில் எண்ணிப் பார்த்த 9,543 படிவங்களில் அப்படிப்பட்டவை 2,763. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

இடையில் இரு மாநிலங்களிலும் சேர்த்து ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். ஒரு பிள்ளை நீரில் மூழ்கி, ஒரு பிள்ளை பாம்பு கடித்து. இறப்புக்கு ஊசிதான் காரணம் என்று விசாரணைக் குழு சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் யார் நம்பியிருப்பார்கள்? கேட்காமல் ஊசி போட்டவர்கள் பேச்சுக்கு என்ன மதிப்பு? 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அதே உத்தரவால், தொடர்பே இல்லாத இன்னோர் ஆய்வும் பாதியில் நின்றது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்கப் பல மாநிலங்களில் நடந்த ஆய்வு. நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். ஏறக்குறைய 5,000 பெண்களுக்கு ஒரே ஒரு தவணைதான் கிடைத்தது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். புற்றுநோய்க்கு வித்திடும் 16, 18 வகை எச்பிவி வைரஸ்களின் நீடித்த தொற்றை ஒரு தவணையே ஏறக்குறைய 95 சதவீதம் தடுத்திருந்தது. ஒரு தவணையும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னதற்கு, கென்யாவில் நடந்த ஆய்வோடு இதுவும் ஓர் ஆதாரம். ஏழை நாடுகளுக்குச் செலவு பாதிக்குப் பாதி குறைகிறது. இதில் பெருமைப்பட எனக்கு மனம் வரவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இந்தியாவில் ஆண்டுதோறும் 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பலியாகிறார்கள். நாமோ பத்தாண்டுக்கு மேல் தயங்கி நின்றோம்.

சிக்கிம் 2018-இல் வேறு வழியில் போனது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பெற்றோருடன் பேச்சு, பத்திரிகையாளர்களுக்கு விளக்கம். ஊசி பிறகுதான் வந்தது. 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளில் சுமார் 97 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். அங்கேயும் மலைதான், அங்கேயும் வதந்தி பரப்பக் கைப்பேசி இருந்தது.

தமிழ்நாட்டின் 2025 நிதிநிலை அறிக்கையில் இந்தத் தடுப்பூசிக்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல காரியம், முழுமனதோடு ஆதரிக்கிறேன். என் வீட்டுப் பிள்ளையின் படிவம் என் கைக்கு வந்துவிடும்; வாட்ஸ்அப் குழுவில் பத்துக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையெழுத்திடுவேன். கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் படிவம் யாரிடம் போகும்? அந்தத் தாய்க்குப் படித்துக் காட்டப் போவது யார், ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்தால் அவள் யாரை அழைப்பாள்? இதையெல்லாம் சுகாதாரத் துறை ஊசிக்கு முன்பே எழுதி வெளியிட வேண்டும்.