விடுதலைப் பத்திரம் செல்லுமா?

பிரான்ஸில் ராஜாவே இல்லை. ஆனாலும் அந்தப் பட்டத்துக்கு இரண்டு பங்காளிகள் நிற்கிறார்கள். (நெப்போலியன் வீட்டார் தனி வழக்கு, விடுங்கள்.) ஒருவர் 1974இல் மாட்ரிடில் பிறந்த லூயி அல்ஃபோன்ஸ். மற்றவர் 1965இல் பிறந்த ழான், ஓர்லியான் குடும்பத் தலைவர். இருவருமே பதின்மூன்றாம் லூயியின் ஆண்வழி வாரிசுகள். மூத்த மகன் பதினான்காம் லூயி வழியில் வந்தவர் முதலாமவர், இளைய மகன் ஃபிலிப் வழியில் வந்தவர் இரண்டாமவர். ஆக, ராஜ ரத்தம் யாரிடம் என்று கேட்பது வீண். சண்டை, பட்டத்து உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒரு விடுதலைப் பத்திரத்தைப் பற்றியது.

1711 ஏப்ரலுக்கும் 1712 மார்ச்சுக்கும் இடையில் பதினான்காம் லூயியின் மகன், பேரன், கொள்ளுப்பேரன் மூவரும் அம்மையில் போய்விட்டார்கள். மிஞ்சியது இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று. அதற்கு அடுத்த உரிமை இன்னொரு பேரனான ஐந்தாம் ஃபிலிப்புக்கு. அவரோ ஏற்கெனவே ஸ்பெயின் ராஜா. இரண்டு முடியும் ஒரே தலையில் ஏறுவதா என்று இங்கிலாந்து மறித்தது. 1712 நவம்பரில் பிரெஞ்சு உரிமையை ஃபிலிப் எழுதிக்கொடுத்தார். 1713 உட்ரெக்ட் ஒப்பந்தத்தில் அதுவும் சேர்ந்தது. அந்தப் பிள்ளை பிழைத்துப் பதினைந்தாம் லூயி ஆனதால் பத்திரத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. 1883இல் பதினைந்தாம் லூயி வழியின் கடைசி ஆளான ஷாம்போர் பிரபு பிள்ளையில்லாமல் இறந்து அந்தக் கிளை அற்றதும்தான் வம்பு.

என் கருத்தில் பத்திரம் செல்லாது. ராஜ்ஜியம் ராஜாவின் சுயார்ஜிதச் சொத்து அல்ல என்பது பிரெஞ்சுப் பழஞ்சட்டம். 1420இல் ஆறாம் சார்லஸ் தன் மகனை ஒதுக்கிவிட்டு இங்கிலாந்து ராஜாவை வாரிசாக்கியதை இதைச் சொல்லித்தான் தள்ளினார்கள். உயில் எழுத முடியாததை விட்டுக்கொடுக்கவும் முடியாது. பிரெஞ்சு அமைச்சர் தொர்சியே 1712இல் இதை ஆங்கிலேயர்களிடம் சொல்லிவிட்டார். ஓர்லியான் தரப்பு, பாரிஸ் பார்லமென்ட் (அந்தக் கால உயர் நீதிமன்றம்) பத்திரத்தைப் பதிவு செய்ததே என்கிறது; வேற்று நாட்டாராகிவிட்ட கிளை என்றும் சொல்கிறது. நாலாம் ஹென்றி நவார் என்ற வேறு நாட்டுக்கு ராஜாவாக இருந்துகொண்டுதானே பிரான்ஸுக்கு வந்தார்? பெண்வழியை ஒதுக்க மட்டும் பழஞ்சட்டம் வேண்டும், மற்றதற்கு வேண்டாம் என்றால் எப்படி?

வம்சாவளி போடுகிறவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. லூயி அல்ஃபோன்ஸிலிருந்து அப்பா வழியே மட்டும் ஏறுங்கள்: அல்ஃபோன்ஸோ, ஹைமே, பதின்மூன்றாம் அல்ஃபோன்ஸோ, பன்னிரண்டாம் அல்ஃபோன்ஸோ. இங்கே கை தானாக ராணி இரண்டாம் இசபெல்லாவுக்குப் போகும். போகக்கூடாது. ஸ்பெயின் பட்டம்தான் அம்மாவிடமிருந்து வந்தது. பிரெஞ்சு உரிமை வந்தது அவர் கணவர் ஃபிரான்சிஸ்கோ தெ அசிஸ் வழியே. அவர்தான் அப்பாவா என்று அந்தக் காலத்திலேயே ஊர் வாய் பேசியது. சட்டத்துக்கு அது தேவையில்லை, திருமணத்துக்குள் பிறந்த பிள்ளை கணவன் பிள்ளை. அவருக்கு மேலே ஃபிரான்சிஸ்கோ தெ பாவுலா, நாலாம் கார்லோஸ், மூன்றாம் கார்லோஸ், ஐந்தாம் ஃபிலிப். 1883 முதல் 1936 வரை இவர்களுக்கு மூத்த கார்லிஸ்ட் கிளை, அதாவது ஃபிரான்சிஸ்கோ தெ பாவுலாவின் அண்ணன் வழி, இருந்தது. அது அற்ற பிறகே முறை இந்தப் பக்கம் திரும்பியது. ஹைமே 1933இல் ஸ்பெயின் உரிமையை எழுதிக்கொடுத்தவர். அதனால்தான் இன்று அங்கே தம்பி வழிப் பேரன் ராஜா.

லூயி அல்ஃபோன்ஸின் அப்பா, இளைய கிளையைக் காட்டும் வேறுபாட்டுக் குறி எதுவுமில்லாத மூன்று லில்லிப் பூ ராஜ சின்னத்தைப் போட்டுக்கொண்டார் என்று ஓர்லியான் தரப்பு பாரிஸ் கோர்ட்டுக்குப் போனது. வம்சப் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்வது குடியரசின் கோர்ட்டுக்கு வேலையல்ல என்று 1988 டிசம்பரில் தள்ளிவிட்டார்கள். அடுத்த மாதமே, அமெரிக்காவின் கொலராடோவில் பனிமலைச் சரிவில் சறுக்கி வந்தபோது குறுக்கே கட்டியிருந்த கம்பி வடம் கழுத்தில் பட்டு அவர் இறந்தார். உரிமை 14 வயதுப் பையனுக்கு வந்தது.