வண்டி நுழையாத இடவழி

குருசுமலை ஏறாதவனை எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவன் என்றே சேர்க்கமாட்டார்கள். சும்மா சொல்கிறேன், ஆனால் முழுக்க விளையாட்டும் இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் கேரளத்து வெள்ளறடை, அந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் பத்துகாணி. 1957-இல் தொடங்கிய திருப்பயணம். தவக்காலம் வந்தால் இரண்டு பக்கத்து ஜனமும் ஏறும். சிலுவைப்பாதையில் முன்னால் போகிறவர் மலையாளத்தில் செபம் தொடங்கினால், பின்னால் வருகிற நாங்கள் தமிழில் முடிப்போம். நானும் பெரிய வெள்ளியன்று வெறுங்காலோடு ஏறியவன்தான். இறங்கி வந்து குடிக்கிற கஞ்சிக்கும் பயறுக்கும் ஈடே கிடையாது.

2022 மே 15 அன்று தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு, ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கும் இங்கிருந்து ஆட்கள் போகிறார்கள். வேளாங்கண்ணி பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் இதெல்லாம் கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு. என் அம்மா மலை ஏறி ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு முழங்காலும் போய்விட்டது.

பூசையில் இயேசுவின் உடலாக மாறிய அப்பத்தைத் தெருவழியே எடுத்து வருவதுதான் நற்கருணை பவனி. அம்மாவைப் போன்றவர்கள் இருக்கிற இடத்துக்கே ஆண்டவர் வருவது அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாதா சொரூபத்தைத் தேரில் வைத்து இழுப்பதும் இதுவும் ஒன்றில்லை. அந்த அப்பத்தை வைத்து ஏந்தி வருகிற கதிர்ப்பாத்திரத்தில் இருப்பது ஆண்டவரே என்பதுதானே நம் விசுவாசம்? அதனால்தான் சாமியார் அதை வெறுங்கையால் தொடாமல், தோளில் போர்த்திய துணியின் நுனியால் பிடித்துக்கொண்டு வருகிறார். 1264-இல் பாப்பரசர் நான்காம் அர்பன் இந்தப் பவனி நடக்கிற நற்கருணைத் திருநாளைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தியபோது, அந்த ஆணையில் பவனி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையாம். பிற்பாடு ஊர் ஊராகப் பரவிய வழக்கம் அது. இப்போதைய திருச்சபைச் சட்டம் 944, ஆயர் சரியென்று கண்டால் பொதுத்தெருக்கள் வழியாகவே பவனி நடக்க வேண்டும் என்கிறது. கோயில் முற்றத்தைச் சுற்றி வந்தால் போதும் என்று சொல்லவில்லை.

எனக்குப் பத்து வயது இருக்கும். இடவப்பாதி மழை தொடங்கி, ரப்பர் மரங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்த நேரம். எங்கள் ஒடுங்கிய இடவழிக்குள்ளும் அன்று பவனி வந்தது. அங்கே, மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன ஒரு பாட்டா இருந்தார். கட்டிலோடு அவரைத் தூக்கித் திண்ணையில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் வெள்ளைத்துணி விரித்த ஸ்டூல். அதன்மேல் சிரட்டைக்குள் நிறுத்திய மெழுகுவர்த்தி, காற்றில் அணையாமல் இருக்க. மணிச்சத்தம் கேட்டதும் அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கப் பார்த்தார், கை எட்டவில்லை. பேத்திதான் அவிழ்த்துவிட்டாள். சாமியார் படலுக்குள் வந்து, பாத்திரத்தை உயர்த்தி, அவர் ஒருவருக்கு மட்டும் ஆசீர் கொடுத்தார். நாங்கள் எல்லோரும் சேற்றில் முழங்காலிட்டோம். என் புது நிக்கர் பாழானதற்கு அன்று அம்மா திட்டவே இல்லை!

இப்போது பவனி மெயின் ரோட்டோடு போய்த் திரும்பிவிடுகிறது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். மைக்செட் வண்டி இடவழிக்குள் நுழையாது. அதாவது வண்டி போகிற இடத்துக்குத்தான் ஆண்டவர் போக வேண்டும். கமிட்டியில் ஒருவர் மட்டும் நியாயமாகக் கேட்டார்: சேற்றில் சாமியார் சறுக்கினால் என்ன செய்வது? அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் நாலு சாக்கு செம்மண் கொட்டினால் தீருகிற விஷயம் அது. செண்டை மேளத்துக்குக் கொடுக்கிற காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மேளம் வேண்டாம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், அதனால் அதை இத்தோடு விடுகிறேன்.

இந்த வருடமும் அம்மா படலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ரோட்டில் போகிற பாட்டு கேட்டது, அப்புறம் மணி. சத்தம் வந்த பக்கமாகத் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், நான் பிடித்துக்கொண்டேன். மழைக்கு முன்னால் உள்ளே போகலாம் என்றேன். கொஞ்சம் இருடா, வளைவில் திரும்புவார்கள் என்றாள்.

வருகிற ஞாயிறு பங்குக் கூட்டம். நேற்று சாயங்காலம் கயிறு கொண்டுபோய் இடவழியை அளந்து பார்த்துவிட்டேன். சாமியாருக்கு மேலே நாலு பேர் பிடிக்கிற விதானம் நுழையும். பலாமரத்தடியில் மட்டும் கம்புகளைக் கொஞ்சம் நெருக்கிப் பிடிக்க வேண்டும்.