பிக்கப் வேண்டுமென்றால் முதலில் கிரவுன் பினியனைப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வண்டி கைக்கு வந்ததுமே சைலன்சர், ஏர் ஃபில்டர், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) என்று பணத்தை இறைக்கிறார்கள். பின்சக்கரம் தள்ளுகிற வண்டியாக இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது டிஃபரன்ஷியல் ரேஷியோதான், அதாவது பின் அச்சில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியனுக்கும் அது சுற்றுகிற பெரிய பல்சக்கரமான கிரவுனுக்கும் உள்ள பல் விகிதம்தான் என்று உறுதியாகச் சொல்வேன். அதையும் அளவோடு மாற்ற வேண்டும்.

கணக்கு எளிது. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் இருந்தால் ரேஷியோ 4.10. கியர்பாக்ஸிலிருந்து பினியனுக்கு வரும் ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். கிரவுன் 43 பல் ஆனால் 4.30. இன்ஜினில் ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது, ஆனால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை எல்லா கியரிலும் ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். அமெரிக்காவில் விற்ற டொயோட்டா 86 மேனுவல் காருக்கு 2017 மாடலில் கம்பெனியே இப்படித்தான் 4.1-ஐ 4.3 ஆக்கியது. பைக்கில் முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் குறைத்துப் போட்டு ஓட்டியவர்களுக்கு இது புதிதே இல்லை. நம் ஊர் லாரிக்காரர்களுக்கு இன்னும் பழக்கம். கிரவுன் செட் வாங்கப் போனால் 6/37-ஆ, 7/41-ஆ என்றுதான் கடையில் முதலில் கேட்பார்கள்.

இதுவரை சரி. கூட்டக் கூட்ட நல்லது என்று நினைப்பதில்தான் சிக்கல். 3.31 ரேஷியோ உள்ள ஃபோர்டு மஸ்டாங் காருக்கு ஒரேயடியாக 4.10 போட்டால் இழுவை 24 சதவீதம் ஏறும். கூடவே, அதே வேகத்தில் இன்ஜின் சுற்றுவதும் 24 சதவீதம் ஏறும். திருச்சி நான்குவழிச் சாலையில் 2500 ஆர்பிஎம்மில் நிம்மதியாகப் போன வண்டி 3100-இல் இரைந்துகொண்டு போகும். மைலேஜ் இறங்கும், டாப் ஸ்பீடும் பெரும்பாலும் குறையும். பலர் கவனிக்காத இன்னொன்று: 3.73-இல் இரண்டாம் கியரிலேயே மணிக்கு 104 கிலோமீட்டர் வரை போகிற வண்டி, 4.10-இல் 95-லேயே நின்றுவிடும். 100-ஐத் தொட ஒரு கியர் கூடுதலாக மாற்ற வேண்டும், அந்த ஒரு ஷிஃப்டில் போகிற நேரம் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும். வண்டி சீறுவதுபோல் இருக்கும், ஸ்டாப்வாட்ச் வேறு சொல்லும்.

நம் ரோட்டுக்கு என்ன தேவை என்று பாருங்கள். டெல்டாவில் மலை இல்லை, மேடு என்றால் ஆற்றுப் பாலம்தான். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். அறுவடைக் காலத்தில் முன்னால் வைக்கோல் லோடு டிராக்டரோ கதிர் அறுக்கும் மெஷினோ ஊர்ந்துகொண்டிருக்கும். நமக்கு வேண்டியது 40-லிருந்து 80-க்குச் சட்டென்று ஏறி, எதிரே பஸ் வருமுன் தாண்டுகிற பிக்கப். 5 முதல் 12 சதவீத மாற்றம் அதைத் தாராளமாகத் தரும். அதற்கு மேல் போனால், ரோட்டில் காயப்போட்ட நெல் மீதும் நனைந்த வைக்கோல் மீதும் பின்சக்கரம் வழுக்கும். அது விளையாட்டில்லை.

டயரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 205/55 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர், 195/50 ஆர் 15 டயருக்கு 576. 4.1 ரேஷியோ வண்டிக்கு இந்தச் சின்ன டயரை மாட்டினாலே 4.5 போட்ட மாதிரிதான். ஆனால் வண்டி 28 மில்லிமீட்டர் தாழும், நம் வேகத்தடைகளில் அடிவயிறு தட்டும். பெரிய டயர் மாட்டினால் நேர் எதிர்: காசு கொடுத்து மாற்றிய ரேஷியோவின் பலன் பாதி போய்விடும்.

செட்டிங்தான் உயிர். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை, ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. கும்பகோணத்தில் லாரி டிஃபரன்ஷியல் மட்டும் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கிரவுன் பல்லில் தடம் பார்க்கும் ப்ளூ மை தடவி, கையால் முன்னும் பின்னும் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, நுனிக்கு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். தடம் தள்ளி விழுந்தால் பினியனைக் கழற்றி ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றி மறுபடி முதலிலிருந்து. அப்புறம் டயல் கேஜ் வைத்துப் பேக்லாஷ், அதாவது பல்லுக்குப் பல் உள்ள ஆட்டம், பார்ப்பார். அது கம்பெனி மேனுவல் சொல்லும் அளவுக்குள் இருக்க வேண்டும், அந்த அளவே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். இந்தப் பொறுமை இல்லாத இடத்தில் வண்டியை விடாதீர்கள். தவறாகச் செட் செய்தால் முதலில் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் போகும்.

மாட்டிய புதிதில் நெடுந்தூரம் ஒரே வேகத்தில் ஓட்டாதீர்கள். கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். சில நூறு கிலோமீட்டரில் கியர் ஆயிலை மாற்றிவிடுங்கள், பெரும்பாலான வண்டிக்கு ஜிஎல்-5 தரம். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியலாக இருந்தால் அதற்கென்று உள்ள சேர்மானம் வேண்டுமா என்று மேனுவலில் பாருங்கள். வேகத்தைக் கியர்பாக்ஸில் அளக்கும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும், அதையும் சரிசெய்ய வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.