ஏதென்ஸ் நம்பியது தேர்தலை அல்ல, குலுக்கலை

"கிரேக்கர்கள் ஓட்டுப் போட்டு ஆட்சியாளரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதுதான் ஜனநாயகத்தின் பிறப்பு" என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். பழைய ஏதென்ஸ்காரன் கேட்டால் சிரிப்பான். தேர்தல் வைத்தால் பணமும் குடும்பப் பெயரும்தான் ஜெயிக்கும் என்பது அவன் கணக்கு. படைத்தளபதிகள் பத்துப் பேருக்கும் சில நிதிப் பதவிகளுக்கும் தேர்தல் வைத்தார்கள். போர் தெரியாதவனிடம் படையைக் கொடுக்க முடியாதல்லவா! நகர நிர்வாகத்தைக் கவனித்த ஐந்நூற்றுவர் மன்றம், பெரும்பாலான அதிகாரிகள், நீதிமன்ற நடுவர்கள் (தீர்ப்புச் சொல்லும் சாதாரணக் குடிமக்கள்) எல்லாம் குலுக்கல்தான். மன்றத் தலைவர்கூட ஒரு பகல், ஓர் இரவு. கருவூலச் சாவியும் அரசு முத்திரையும் அவர் கையில்; வாழ்நாளில் ஒரே முறை.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் அனிட்டஸ் என்ற தளபதி தன்மீதான வழக்கில் நடுவர்களை விலைக்கு வாங்கித் தப்பினார் என்று பேச்சு. (பின்னாளில் சாக்ரட்டீஸ்மீது வழக்குப் போட்டவர்களில் ஒருவர் இதே ஆள்.) யார் எந்த வழக்கைக் கேட்பார் என்பது முன்கூட்டியே தெரிந்தால் லஞ்சம் சுலபம். அந்த ஓட்டையை அடைத்த விதம்தான் எனக்குப் பிடித்தது.

30 வயது நிரம்பிய 6000 பேர் ஆண்டு நடுவர்கள். ஒவ்வொருவருக்கும் பெயரும் ஊர்ப் பிரிவும் ஓர் எழுத்தும் பொறித்த தகடு. விடிகாலையில் அதைத் தன் எழுத்துக்குரிய பெட்டியில் போட வேண்டும். அவற்றை எடுத்து, ஐந்து பத்திகளில் பள்ளம் வெட்டிய கற்பலகையில் செருகுவார்கள். பலகையின் பக்கத்துக் குழாயில் கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கலந்து கொட்டுவார்கள். 50 பேர் வேண்டுமானால் வெள்ளை 10. காய் ஒவ்வொன்றாக விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசையின் ஐவரும் உள்ளே, கறுப்பென்றால் ஐவரும் வீட்டுக்கு. எந்த நீதிமன்றம் என்பதற்கு இன்னொரு குலுக்கல். அந்த நீதிமன்ற வாசலின் நிறத்திலேயே கையில் ஒரு கோல் கொடுப்பார்கள், இடம் மாறிப் போய் உட்கார முடியாது.

தீர்ப்புக்கு இரண்டு வெண்கல வட்டுகள்: நடுத்தண்டு துளையுள்ளது வழக்காளிக்கு, கெட்டியானது எதிராளிக்கு. தண்டின் முனைகளை விரலால் மூடிக்கொண்டு போட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. சமமாக வந்தால் எதிராளி பிழைத்தான்.

குடிமக்கள் கூடிக் கையைத் தூக்கி முடிவெடுத்த பேரவைக்கோ இந்தக் காப்பு கிடையாது. கி.மு. 406இல், ஆர்கினுசே கடற்போரில் ஜெயித்தும் புயலில் சிக்கிய வீரர்களை மீட்கவில்லை என்று எட்டுத் தளபதிகளை ஒரே மொத்தத் தீர்மானத்தில் குற்றவாளிகளாக்கினார்கள். ஊரில் இருந்த ஆறு பேருக்கு மரண தண்டனை. அது சட்டவிரோதம் என்று மறுத்து நின்றவர் சாக்ரட்டீஸ். பிறகு ஊரே வருந்தியது.

பெண்கள், அடிமைகள், குடியேறிகள் யாருக்கும் இதில் பங்கில்லை. பங்கிருந்தவர்களோ அதைப் பெரிதாகவே மதித்தார்கள்: பெயர் பொறித்த அந்த வெண்கலத் தகடுகள் பல நமக்குக் கிடைத்திருப்பது கல்லறைகளிலிருந்து.