அவுட்லெட்டில் தொங்குவதெல்லாம் மிச்சச் சரக்கு இல்லை

"அமெரிக்க அவுட்லெட் கடைகளில் (பிராண்டுகளின் தள்ளுபடிக் கடைகளில்) கிடைப்பது பெரிய கடையில் விற்காமல் நின்ற அதே துணிதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் அது சரி. இப்போது பல பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைத்து அனுப்புகின்றன.

சட்டையின் கழுத்து லேபிளைப் பாருங்கள். 'கேப்' (Gap) என்ற அமெரிக்கத் துணி பிராண்டின் பெயருக்குக் கீழே மூன்று குட்டிச் சதுரங்கள் இருந்தால் அது கேப் ஃபேக்டரி சரக்கு, அதாவது அவர்களுடைய அவுட்லெட்டுக்கென்றே தைத்தது. கேப் கடையில் அது தொங்கியதே இல்லை. அப்படியானால் விலைச்சீட்டில் அடித்துக் காட்டும் அந்தப் பெரிய விலை எங்கிருந்து வந்தது? இப்படிப்பட்ட அவுட்லெட் விற்பனை பற்றி 2014-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நான்கு பேர், நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்குக் கடிதமே எழுதினார்கள்.

மட்டமான துணி என்று சொல்லவில்லை, தாராளமாக வாங்குங்கள். ஆனால் தள்ளுபடி சதவீதத்தை நம்பி வேண்டாம். உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள், கட்டம் போட்ட சட்டை என்றால் பக்கத் தையலில் கட்டங்கள் சேர்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம், நார்ட்ஸ்ட்ராம் ராக் (நார்ட்ஸ்ட்ராம் என்ற பெரிய கடையின் தள்ளுபடிக் கிளை) போன்ற இடங்களில் பெரிய கடையிலிருந்தே இறங்கிய உருப்படிகளும் உண்டு. அங்கேயும் கலந்துதான் கிடக்கும், லேபிளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.